துயருற்றோருக்கு ஆங்கிலம் இட்ட பெயர்கள்

ஆங்கில அகராதியில் வருத்தமுற்றவர்களைக் குறிக்கும் சொற்களைத் தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். சேட், அன்ஹாப்பி, மிசரபிள், ரெட்செட், ஃபர்லார்ன், டெசலேட், மெலங்கலி, டிஸ்மல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் மாணவிக்கு இவை எல்லாம் ஒரே சொல்லின் பல வேடங்களாகத்தான் தோன்றும். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில் பிறந்தவை. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பழைய எண்ணம் உறங்குகிறது. மனிதன் ஏன் துன்பப்படுகிறான் என்று அந்தக் காலத்து மக்கள் நினைத்தார்களோ, அதையே அவர்கள் பெயராக வைத்தார்கள்.

நம் அருப்புக்கோட்டையில் தறி அறியாத தெரு குறைவு. நெய்த சேலையைப் பார்த்தால் நிறமும் கரையும் மட்டுமே தெரியும். நூலைப் பிரித்துப் பார்த்தால்தான் பாவு எது, ஊடை எது என்பது விளங்கும். சொல்லும் அப்படியே. சில சொற்களின் நூலைப் பிரித்துப் பார்ப்போம், வாருங்கள்.

நிறைவும் பாரமும்

முதலில் நாம் நன்கு அறிந்த 'சேட்' என்ற சொல். பழைய ஆங்கிலத்தில் இதற்கு வருத்தம் என்ற பொருளே கிடையாது. வயிறு நிறைந்தவன், போதும் போதும் என்று ஆனவன் என்பதே அதன் பொருள். போதுமானது என்று பொருள்படும் 'சாட்டிஸ்' என்ற லத்தீன் சொல்லும் இதுவும் ஒரே குடும்பம். 'சாட்டிஸ்ஃபை', அதாவது திருப்திப்படுத்து என்ற சொல்லும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். வயிறு நிறைந்தவனுக்கு உடம்பு பாரமாகும். பாரமானவன் மெதுவாக நடப்பான். மெதுவாக நடப்பவன் முகத்தில் சிரிப்பு இராது. இப்படியாக, நிறைவு என்ற சொல் பாரமாகி, பாரம் என்ற சொல் வருத்தமாயிற்று. திருப்தியும் துக்கமும் ஒரே வேரில் கிளைத்தவை என்றால் வியப்பாக இல்லையா?

'கிரீஃப்' என்ற சொல்லும் பாரத்தையே சொல்கிறது. கனமான என்று பொருள்தரும் 'கிராவிஸ்' என்ற லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து 'கிரீஃப்' ஆயிற்று. பொருள்கள் கீழே விழக் காரணமான 'கிராவிட்டி'யும் இதே வேரில் பிறந்ததுதான். நாமும் மனப்பாரம் என்கிறோம். நெஞ்சு கனக்கிறது என்கிறோம்.

'ஆங்விஷ்', 'ஆங்சைட்டி' என்ற இரண்டும் நெரித்தல், குறுகல் என்ற பொருளுடைய லத்தீன் சொற்களின் வழி வந்தவை. துன்பம் வந்தால் உலகமே ஒரு குறுகிய சந்தாகிவிடுகிறது. தமிழிலும் நெருக்குவதிலிருந்து நெருக்கடி பிறந்தது. திருக்குறளில் 63ஆம் அதிகாரத்தின் பெயர் இடுக்கண் அழியாமை. அந்தப் பெயரிலும் ஓர் இடுக்கு ஒளிந்திருப்பதைப் பாருங்கள். கடல் கடந்த இரு மொழிகள் ஒரே வேதனையை ஒரே விதமாக உணர்ந்திருக்கின்றன.

அதிர்ஷ்டமும் நட்சத்திரமும்

'அன்ஹாப்பி' என்பதன் நடுவில் 'ஹாப்' என்ற சிறு சொல் இருக்கிறது. இது வட கடலோர நாடுகளின் பழைய மொழியிலிருந்து வந்தது. தற்செயலாக வாய்ப்பது, அதிர்ஷ்டம் என்பது அதன் பொருள். நிகழ்தல் என்ற பொருளுடைய 'ஹாப்பன்', ஒருவேளை என்ற பொருளுடைய 'பெர்ஹாப்ஸ்' ஆகியவற்றிலும் அதே 'ஹாப்' உண்டு. ஆக, 'ஹாப்பி' என்றால் முதலில் மகிழ்ச்சியுள்ளவன் அல்லன்; அதிர்ஷ்டக்காரன். 'அன்ஹாப்பி' என்றால் அதிர்ஷ்டம் இல்லாதவன்.

'டிசாஸ்டர்' என்ற சொல்லில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. 'ஆஸ்ட்ரோ' என்றால் இத்தாலிய மொழியில் விண்மீன். விண்மீன் முகம் திருப்பிக்கொண்டால் பேரழிவு என்பது அந்தக் கால நம்பிக்கை. 'டிஸ்மல்' என்பது கெட்ட நாட்கள் என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது. மாதத்திற்கு இரண்டாக ஆண்டுக்கு 24 நாட்கள் ஆகாத நாட்கள் என்று ஐரோப்பாவின் பழைய பஞ்சாங்கங்களில் குறித்து வைத்திருந்தார்கள். அஷ்டமி நவமி பார்க்கும் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று!

நம் 'அதிர்ஷ்டம்' என்ற சொல்லும் வடமொழியிலிருந்து வந்ததே. கண்ணால் காணப்படாதது என்பதே அதன் நேர்ப்பொருள். காரணம் தெரியாத துன்பத்திற்குக் காணாத ஒன்றைக் காரணம் காட்டுவது மனித இயல்பு. அதில் ஓர் ஆபத்தும் உண்டு. துன்பப்படுகிறவரைப் பார்த்து நாம் 'பாவம்!' என்கிறோம். இரக்கத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பு தீவினை என்பதில் அல்லவா? செய்த பாவத்தின் பலன் என்ற பழைய எண்ணம் அதன் அடியில் கிடக்கிறது. யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று கேட்கிறார்கள். இருவருமே அல்லர் என்பதே ஆண்டவர் தந்த விடை. துன்பப்படுகிறவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

கரும்பித்தம்

'மெலங்கலி' என்பது கிரேக்கச் சொல். 'மெலாஸ்' என்றால் கறுப்பு. 'கோலே' என்றால் பித்தம். இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என உடலில் நான்கு நீர்கள் ஓடுகின்றன என்றும், கரும்பித்தம் மிகுந்தால் மனிதன் காரணமின்றித் துயரத்தில் ஆழ்வான் என்றும் கிரேக்க வைத்தியர்கள் கருதினார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற பெரிய வைத்தியர் இதை விரிவாக எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பா அதை நம்பியது. உண்மையில் அப்படி ஒரு கறுப்பு நீர் உடலில் இல்லவே இல்லை. நீர் போயிற்று, பெயர் நின்றது.

நம் சித்த வைத்தியமும் வாதம், பித்தம், கபம் என மூன்றைச் சொல்கிறது. பித்து, பித்தன் என்ற சொற்கள் அந்தப் பித்தத்திலிருந்தே பிறந்தன. திருச்சுழியல் என்று தேவாரம் கூறும் நம் திருச்சுழியைப் பாடிய சுந்தரர், தம் இறைவனையே பித்தன் என்று உரிமையோடு அழைத்தவர். ஆனால் தெருவில் மனம் கலங்கி நிற்கும் ஓர் ஏழையைப் பார்த்துச் சிறுவர்கள் அதே சொல்லைக் கத்தும்போது அதில் அன்பு இல்லை. கல் மட்டுமே இருக்கிறது. சொல் ஒன்றே, எறிகின்ற கை வேறு.

இன்று மருத்துவர்கள் கூறும் 'டிப்ரஷன்' என்ற சொல்லுக்குக் கீழே அழுத்தப்பட்ட நிலை என்று பொருள். மன அழுத்தம், மனச்சோர்வு என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய அதுவே. இது சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று, பேய் பிடித்ததும் அன்று. மருந்தும் பரிவும் வேண்டுகின்ற நோய். இரண்டு வாரங்களுக்கு மேலாக ஒரு மாணவிக்கு உணவிலும் உறக்கத்திலும் படிப்பிலும் மனம் செல்லவில்லை என்றால், அவள் தன் தாயிடமோ ஆசிரியையிடமோ சகோதரியிடமோ வாய் திறந்து சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் இந்த எண்ணைக் குறித்துவைப்பது நல்லது.

ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்

'ரெட்ச்' என்றால் இன்று பரிதாபத்துக்குரியவன், சில வேளைகளில் கீழ்மகன் என்றும் பொருள். பழைய ஆங்கிலத்தில் நாடு கடத்தப்பட்டவன், ஊரற்று அலைபவன் என்பதே அதன் பொருள். குலமும் கூட்டமும் துணையாக இருந்தால்தான் உயிர் வாழலாம் என்றிருந்த காலத்தில் விரட்டப்பட்டவனைவிடத் துயருற்றவன் வேறு யார்? ஆனால் இதே சொல்லின் உடன்பிறப்பு ஜெர்மன் மொழியில் 'ரெக்கெ' என்று வழங்குகிறது. அங்கே அதன் பொருள் பெருவீரன்! தனியே அலைந்தவனை ஒரு நாடு இழிந்தவன் என்றது. மற்றொரு நாடு வீரன் என்றது. பார்க்கும் கண்ணைப் பொறுத்தது பெயர்.

'ஃபர்லார்ன்' என்றால் முற்றிலும் இழக்கப்பட்டவர் என்று பொருள். இழத்தலைக் குறிக்கும் 'லூஸ்' அதற்கு உறவு. 'ஃபர்லார்ன் ஹோப்' என்ற தொடரைக் கேட்டால் வீண் நம்பிக்கை என்று தோன்றும். அது டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'ஹோப்' என்பது நம்பிக்கையன்று, கூட்டம். போரில் எல்லோருக்கும் முன்னால், திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்தே அனுப்பப்பட்ட படைக்கூட்டம் அது. 'டெசலேட்' என்பதில் தனிமை என்ற லத்தீன் சொல் இருக்கிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் 'சல்லன்' என்பதும் அதே தனிமையிலிருந்து பிறந்ததே. சிடுசிடுப்பாக இருக்கும் தோழியைக் கண்டால், அவள் தனித்து விடப்பட்டவளோ என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

இனி 'ரெஃப்யூஜி'. பிரெஞ்சு நாட்டில் 1685ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னன், புராட்டஸ்டாண்டு சபையினருக்கு இருந்த உரிமையை ரத்து செய்தான். உயிர் தப்பி இங்கிலாந்துக்கு வந்த அம்மக்களால் ஆங்கிலத்தில் பரவிய சொல் இது. புகலிடம் தேடி ஓடி வந்தவர் என்பது அதன் பொருள். இதற்குத் தமிழில் நாம் வழங்கிய சொல் அகதி. கதி இல்லாதவர் என்று அது பிரியும். வேறுபாட்டைக் கவனித்தீர்களா? ஆங்கிலச் சொல்லில் ஒரு புகலிடம் இருக்கிறது. நம் சொல்லில் அதுவும் இல்லை.

1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து படகேறி வந்த தமிழர்கள் மண்டபம் முகாமிலும் தமிழகத்தின் பல ஊர்களிலும் தங்கவைக்கப்பட்டார்கள். நமக்கு அருகில் குல்லூர்சந்தையிலும் அத்தகைய முகாம் உண்டு. அகதி என்ற பெயரிலேயே பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்குச் சென்றார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அந்த முகாம்களின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியதால் கூரை மாறிவிடாது என்பது மெய்தான். ஆனால் பள்ளியில் முகவரி எழுதும் ஒரு சிறுமியைக் கேட்டுப் பாருங்கள். கதியற்றவள் என்று எழுதுவதற்கும் மறுவாழ்வு என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் அவளுக்குத் தெரியும்.

விதவையும் அநாதையும்

ஆங்கிலத்தின் 'விடோ'வும் நாம் வடமொழியிலிருந்து பெற்ற 'விதவை'யும் ஒலியில் ஒத்திருப்பது தற்செயலன்று. இரண்டும் ஒரே பழம் மொழிக் குடும்பத்தில் பிறந்த உடன்பிறப்புகள். லத்தீனில் அது 'விதுவா'. எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக அந்தச் சோகத்திற்கு அதே ஒலி நிலைத்திருக்கிறது! தமிழில் கைம்பெண் என்ற சொல் உண்டு. விதவை என்று எழுதினால் ஒரு புள்ளியும் இல்லை. கைம்பெண் என்று எழுதினால் இரண்டு பொட்டுகள் வந்து அமர்ந்துகொள்கின்றன.

'ஆர்ஃபன்' கிரேக்கத்திலிருந்து வந்தது. பெற்றோரை இழந்தவர் என்று பொருள். அநாதை என்பது நாதன் இல்லாதவர், அதாவது காப்பவர் இல்லாதவர் என்பது. விவிலியத் தமிழில் வழங்கும் திக்கற்றவர் என்ற சொல் இன்னும் ஆழமானது. எந்தத் திசையில் போவது என்று தெரியாமல் நிற்கும் குழந்தை நம் கண்முன் வந்துவிடுகிறதல்லவா? திக்கற்றவர்களாக உங்களை விடமாட்டேன் என்ற கருத்தில் இயேசு பெருமான் தம் சீடருக்கு ஆறுதல் கூறியதை யோவான் 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் இந்த 'ஆர்ஃபன்' என்பதன் மூலமே.

இரண்டு மரியாள்கள்

'மாட்லின்' என்று ஓர் ஆங்கிலச் சொல். சிறு விஷயத்துக்கும் அழுது வடிகிறவர் என்று கேலியாகச் சொல்வது. இது மகதலா மரியாளின் பெயர் தேய்ந்து வந்த சொல். ஐரோப்பிய ஓவியர்கள் அவரைக் கண்ணீர் வழியும் முகத்தோடே வரைந்தார்கள். ஓவியம் பழகிப் பழகி, பெயரே பரிகாசமாயிற்று. 591ஆம் ஆண்டில் பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரை ஒன்றில், நற்செய்தியில் வரும் பெயர் தெரியாத பாவிப் பெண்ணும் இவரும் ஒருவரே என்று கூறப்பட்டதால் அந்தப் பழியும் அவர்மேல் நெடுங்காலம் தங்கிவிட்டது. ஆனால் நற்செய்தி சொல்வது என்ன? கல்லறை அருகே நின்று அழுதவர் அவர். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டவரும் அவரே. அந்தச் செய்தியைச் சீடர்களிடம் கொண்டுசென்றவரும் அவரே. 2016ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை 22ஆம் நாளின் அவருடைய நினைவைத் திருவிழாவாக உயர்த்தினார். அழுத கண்களே விடியலை முதலில் கண்டன என்பதை 'மாட்லின்' என்று கேலி பேசியவர்கள் மறந்துவிட்டார்கள்.

மற்றொரு மரியாள் நம் தேவமாதா. 'டோலர்' என்றால் லத்தீனில் வேதனை. வியாகுல அன்னையின் பெயரால் ஸ்பெயின் நாட்டில் பெண்களுக்கு 'டொலோரஸ்' என்று பெயர் சூட்டினார்கள். நம் பங்குகளில் வியாகுலம், வியாகுலமேரி என்ற பெயர்கள் இருக்கின்றன. வியாகுலம் என்பது மனக்கலக்கம். தாய்மார் தம் செல்ல மகளுக்குத் துயரத்தையே ஏன் பெயராகச் சூட்டினார்கள்? சிலுவையடியில் விலகி ஓடாமல் நின்ற ஒரு தாயின் துயரம் அது. ஆகவே அவர்களுக்கு அது வலிமையின் பெயர். செப்டம்பர் 15ஆம் நாள் அந்தப் பெயருடையோரை வாழ்த்தும்போது இதை எண்ணிக்கொள்வோம்.

நம் மண்ணிலிருந்து போன சொல்

இதுவரை பிற நாட்டுச் சொற்களைப் பார்த்தோம். துயருற்றோரைக் குறிக்க ஆங்கிலம் நம்மிடமிருந்தே எடுத்துச்சென்ற சொல் ஒன்று உண்டு. 'பரையா' என்பது அது. சமூகத்தால் ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்ற பொருளில் இன்றும் ஆங்கிலச் செய்தித்தாள்கள் அதை எழுதுகின்றன. அதன் மூலம், பறை என்ற இசைக்கருவியின் பெயரோடு தொடர்புடைய நம் மக்களின் பெயர். சங்க இலக்கியத்திலேயே பறை முழங்குகிறது. பறைதல் என்றால் சொல்லுதல் என்று அகராதி பொருள் கூறும். மேலை நாட்டார் தமிழகக் கடற்கரைகளில் கண்டதை எழுதினார்கள். 1791இல் பெர்னார்தென் தெ சான் பியேர் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் கதை அந்தச் சொல்லை ஐரோப்பாவெங்கும் பரப்பியது.

சற்று நினைத்துப் பாருங்கள். உழைத்து வாழும் ஒரு மக்களின் பெயரை, விலக்கத்தக்கவன் என்ற பொருளில் உலகம் முழுவதும் எழுதுவது அழகா? அந்தப் பொருளை அவர்கள் தேடிக்கொள்ளவில்லை. நம் சமூகம் செய்த கொடுமையே அந்தப் பெயரின்மேல் பொருளாக ஒட்டிக்கொண்டது. 1893ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், யார் எதை இழிவென்றார்களோ அதையே தலைப்பாக வைத்துப் 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கித் தலைநிமிர்ந்து நின்றார். ஆகவே ஆங்கிலக் கட்டுரை எழுதும் மாணவியர் ஒதுக்கப்பட்டவர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். நம் வகுப்பில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழியின் மனம் நமக்கு ஓர் ஆங்கிலச் சொல்லைவிடப் பெரிது.

வறண்ட நிலத்தின் சொற்கள்

மழை பொய்த்தால் துன்பம் என்ன என்பதை நம் பக்கத்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குண்டாற்றில் மணல் ஓடும் ஆண்டுகளே அதிகம். வறட்சி, வறுமை, வறியவர் என்ற மூன்று சொற்களும் உலர்தல் என்ற ஒரே வேரில் பிறந்தவை. கண்மாய் வற்றினால் வறட்சி. வீடு வற்றினால் வறுமை. பயிர் வாடுகிறது, முகமும் வாடுகிறது. நாக்கு வறண்டவர் 'தண்ணீர் தவிக்கிறது' என்பார். பிள்ளையைக் காணாத தாயும் தவிக்கிறாள். பிரிந்தோரின் துயரத்தைப் பாட வேண்டிய திணைக்குப் பாலை என்று வறண்ட நிலத்தின் பெயரையே நம் முன்னோர் வைத்தார்கள். ஆங்கிலேயன் துயரத்தைப் பாரமாகவும் கெட்ட நட்சத்திரமாகவும் கண்டான். நாம் அதை நீரில்லாமையாகக் கண்டோம். இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. வாடியது செத்ததாகாது, ஒரு மழை பெய்தால் தழைக்கும்.

இரக்கத்தின் வேர்

கடைசியாக 'மிசரபிள்'. துயருற்றவர் என்று பொருள்படும் 'மிசெர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. கருமியைக் குறிக்கும் 'மைசர்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதுவே. பெட்டி நிறையப் பணமிருந்தும் நல்ல சோறு உண்ணாதவனை வேறு எப்படி அழைப்பது? அந்த 'மிசெர்' என்பதோடு இதயம் என்று பொருள்படும் 'கோர்' சேர்ந்தபோது, 'மிசெரிகோர்தியா' என்ற சொல் பிறந்தது. துயருற்றோரிடம் சென்று தங்கும் இதயம், அதாவது இரக்கம். 1498ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் இந்தப் பெயரால் ஓர் இரக்கச் சங்கம் தொடங்கியது. நோயாளிகளையும் சிறைப்பட்டோரையும் பேணும் அத்தகைய சங்கம் பின்னர் கோவாவிலும் அமைந்தது.

ஒரே வேர்தான். இதயத்தைப் பணப்பெட்டியில் வைத்தவன் கருமியானான். துயருற்றவரிடம் வைத்தவன் இரக்கமுள்ளவனானான். மாணவியரே, அடுத்த முறை இந்தச் சொற்களைப் படிக்கும்போது எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். யாரையாவது அழுமூஞ்சி என்றோ அநாதை என்றோ அழைக்க நாக்கு எழும்பினால், அந்தப் பெயரைச் சுமக்கப்போகிறவரை ஒரு கணம் நினையுங்கள். பிறகு அவரைப் பெற்றோர் இட்ட பெயரால் அழைத்து, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.